தோட்டத்துத் தராசும் கொழும்புக் கணக்கும்: இணைப்புக் கருவிகளைத் தெரிவு செய்தல்

மாத்தளை மாவட்டத்தின் ரத்தோட்டைப் பக்கத்தில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொள்வனவு செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கொள்வனவு நிலையத்தில் ஓர் இலத்திரனியல் தராசு இருக்கிறது. அதில் விழும் எடையை ஒருவர் மடிக்கணினியில் எக்செல் தாளில் பதிகிறார். மாத்தளை நகரத்துக் களஞ்சியத்தில் இருப்புக் கணக்குக்கு வேறொரு மென்பொருள். கணக்காளர் கொழும்பில் இருக்கிறார். அவரிடம் மூன்றாவது மென்பொருள். விவசாயிக்குரிய பணம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ஏற்றுமதி ஆவணம் சுங்கத் திணைக்களத்தின் அசிக்குடா முறைமைக்குள் ஏற வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இன்று ஓடுவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய புகைப்படமும், பென் டிரைவும், எவரும் நினைத்த நேரத்தில் நுழையக்கூடிய தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளும்தான்.

எல்கடுவ மலையில் ஒரு தோட்டக் காரியாலயத்தை நினைத்தாலும் இதே நிலைதான். செக்ரோல் ஓரிடம், கொழுந்து நிறை ஓரிடம், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இன்னோரிடம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்து மொத்த வியாபாரிக்கும் சீகிரியாவில் விடுதி நடத்துபவருக்கும் மென்பொருட்களின் பெயர்கள் மாறும், சிக்கல் மாறாது. இவற்றை ஒன்றோடொன்று பாதுகாப்பாக இணைக்கச் சந்தையில் எத்தனையோ கருவிகள் உண்டு. அவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதையே இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இணைப்பு என்ற பெயரில் விற்கப்படும் கருவிகள் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, இரண்டு கணினிகளுக்கிடையே பிறர் நுழைய முடியாத பாதை அமைப்பது. விபிஎன், வயர்கார்ட், கிளவுட்ஃபிளேர் டனல், மைக்ரோசொப்ட் என்ட்ராவின் செயலிப் பதிலி என்பன இந்த வகை. மற்றது, ஒரு மென்பொருள் தரும் தரவை இன்னொரு மென்பொருள் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, சரிபார்த்து, ஒப்படைப்பது. டபிள்யூஎஸ்ஓ2, மியூல்சொஃப்ட், பூமி, அப்பாச்சி கேமல், என்8என் முதலியவை இந்த வகை. விற்பனையாளர் இரண்டையும் ஒரே விலைப்பட்டியலில் வைத்துப் பேசுவார். வாங்குபவர் பிரித்தே கேட்க வேண்டும். பாதை மட்டும் தேவைப்படும் நிறுவனம் ஒருங்கிணைப்பு மேடை ஒன்றை வாங்கிவிட்டு, அதை நடத்த ஆளில்லாமல் நிற்பது வீண்செலவு. அதைவிட மோசமானது, பாதையைப் பற்றி யோசிக்காமல் ஒருங்கிணைப்பு மேடையை நேராக இணையத்தில் திறந்து வைப்பது.

எந்தக் கருவியின் இணையத்தளத்தையும் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். என்ன தகவல், எங்கிருந்து எங்கே போகிறது, ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு தாமதித்தால் நட்டம், அதில் யாருடைய அடையாள அட்டை இலக்கமோ வங்கிக் கணக்கு இலக்கமோ இருக்கிறது என்று எழுதுங்கள். மேலே சொன்ன வாசனைத் திரவிய நிறுவனத்துக்கு இதை எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கொள்வனவு எடைகள் மாலையில் ஒருமுறை போனால் போதும். விலைப்பட்டியல் காலையில் ஒருமுறை வந்தால் போதும். கொடுப்பனவு மட்டுமே ஒரு சதம் பிசகாமல், ஒரே ஒரு முறை மட்டும் நடக்க வேண்டியது. எல்லாம் உடனுக்குடன் வேண்டும் என்று முகாமையாளர் கேட்டால், அந்தச் சொல்லுக்கு மாதாமாதம் எவ்வளவு செலவாகும் என்பதைத் தாளில் காட்டுங்கள். தேவையற்ற வேகம் செலவை ஏற்றும் அளவுக்கு வேறெதுவும் ஏற்றுவதில்லை.

இனிப் பாதை. ரவுட்டரில் 3389 என்ற துறையைத் திறந்து, அலுவலகக் கணினியை விண்டோஸின் தொலைத் திரை வழியாக நேரே இணையத்தில் வைப்பது எந்த நிலையிலும் கூடாது. உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக அந்தத் துறையைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையும் பழகிய வாசல் அது. அந்தக் கணினியில் விண்டோஸ் 10 இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று இருந்தால் இந்த அத்தியாயத்தின் மீதியை வாசிக்கும் முன் அதை மூடிவிடுங்கள்.

இரண்டு கிளைகளை ஐபிசெக் விபிஎன் மூலம் இணைப்பது பழைய, நன்கு பரிசோதிக்கப்பட்ட முறை. ஆனால் குறைந்தது ஒரு முனைக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபி முகவரி வேண்டும். மலைப்பக்கத்தில் 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் நிலையங்களுக்கு அது வழமையாகக் கிடைப்பதில்லை. தொலைபேசி நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்பு உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. மாத்தளையில் கருவியைத் தெரிவு செய்யும்போது இந்த ஒரு உண்மை பாதிக் கேள்விகளைத் தீர்த்துவிடும்: உள்ளிருந்து வெளியே தானாக அழைத்து இணைப்பை ஏற்படுத்தும் கருவியே பெரும்பாலான நிலையங்களுக்குப் பொருந்தும்.

அப்படிப்பட்டவற்றில் வயர்கார்ட் எளியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கருவகத்தின் 5.6ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. நிரல் சிறியது, வேகமானது, கட்டணம் இல்லை. குறை என்னவென்றால், இதற்கும் ஒரு முனையாவது வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கணினிக்குமான திறவுகோலையும் நீங்களே கையால் நிர்வகிக்க வேண்டும். டெயில்ஸ்கேல் அதே வயர்கார்ட்டின் மேல் அந்த நிர்வாகத்தைச் சேர்த்துத் தருகிறது: யார், எந்தக் கணினியின் எந்தச் சேவையைத் தொடலாம் என்று ஓரிடத்தில் எழுதி வைக்கலாம், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை ஒரே நிமிடத்தில் நீக்கலாம். பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள கொள்வனவு நிறுவனத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கிளவுட்ஃபிளேர் டனலும் என்ட்ரா செயலிப் பதிலியும் வேறு வகை. இவை வலையமைப்பு முழுவதையும் திறக்காமல் ஒரு குறிப்பிட்ட செயலியை மட்டும், உள்நுழைவைச் சரிபார்த்த பிறகே, காட்டும். அலுவலகத்துக்குள் ஒரு சிறு இணைப்பான் நிரல் இருந்து வெளியே அழைப்பதால் ரவுட்டரில் எந்தத் துறையும் திறக்க வேண்டியதில்லை. கணக்காளர், கணக்காய்வாளர், வெளிநாட்டுக் கொள்வனவாளர் என்று வெளியார் பலர் ஒரு செயலியை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் இந்த வகைதான் சரி. கிளவுட்ஃபிளேரில் 50 பாவனையாளர் வரை இலவசத் திட்டம் உண்டு. என்ட்ரா செயலிப் பதிலிக்குப் பி1 அல்லது பி2 என்ற கட்டண அனுமதி வேண்டும். மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் பிரீமியம் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு பி1 அதிலேயே அடங்கும். ஸீஸ்கேலர் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கு உரியவை. இந்த மாவட்டத்தில் அவற்றுக்குத் தேவை அரிது.

பெரிய பெயர் கொண்ட கருவி என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் சாதனங்களில் வெளிப்பட்ட ஓட்டைகள் அவ்வளவு கடுமையாக இருந்ததால், அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அந்நாட்டு மத்திய அரசின் சிவில் நிறுவனங்களை 48 மணித்தியாலத்துக்குள் அந்தச் சாதனங்களைக் கழற்றிவிடச் சொன்னது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேரே பல மணி நேரம் தடுமாறியதால் உலகெங்கும் ஏராளமான தளங்கள் நின்றன. ஆகவே எந்தப் பாதையைத் தெரிவு செய்தாலும், அது ஒரு நாள் முழுக்க இல்லாமல் போனால் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி மாத்தளைக்கு வெறும் எச்சரிக்கை அல்ல. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோது மாத்தளை மாவட்டத்தில் மண்சரிவும் வெள்ளமும் வீதிகளை அறுத்தன; மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. சாதாரண பருவமழையிலும் நக்கிள்ஸ் சரிவுகளில் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். இங்கே ஒருங்கிணைப்புக் கருவியிடம் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம், இணைப்பு இல்லாதபோது தகவலை உள்ளூரில் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் வரிசை மாறாமல் அனுப்புவது. விற்பனையாளர் காட்டும் மாதிரிகள் எல்லாம் கொழும்பின் ஃபைபர் இணைப்பில் அழகாக ஓடும். ரவுட்டரின் மின்சாரத்தை இடைநடுவில் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அதைச் செய்து பார்த்தால் இரண்டாவது சிக்கல் ஒன்று வெளிவரும். கொள்வனவுப் பதிவு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் சேர்ந்தது என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். கருவி அதை மீண்டும் அனுப்பும். கொழும்பில் அதே மிளகு இரண்டு முறை பதிவாகும். விவசாயிக்கு இரண்டு முறை பணம் போகும். லங்காபே நடத்தும் வங்கிகளுக்கிடையிலான செஃப்ட்ஸ் முறைமை வழியாகப் போகும் பணம் உடனுக்குடன் பெறுபவர் கணக்கில் விழுவதால், தவறுதலாகப் போனதைத் திரும்பப் பெறுவது அந்த மனிதரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. பரிகாரம் எளிது. ஒவ்வொரு கொள்வனவுக்கும் தராசருகிலேயே, இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலையத்தின் குறியீடும் தொடர் இலக்கமும் சேர்ந்த ஒரு தனி இலக்கம் கொடுக்க வேண்டும். பெறும் பக்கம் அதே இலக்கத்தை மறுபடி கண்டால் புதிதாகப் பதியாமல், ஏற்கெனவே கிடைத்தது என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு மடிக்கணினியின் கடிகாரம் பிசகும் என்பதால் நேரத்தை அடையாளமாகப் பயன்படுத்தக் கூடாது. எந்தக் கருவியை வாங்கினாலும், இந்த ஒழுங்கு உங்கள் வடிவமைப்பில் இல்லாவிட்டால் பணம் கசியும்.

ஒருங்கிணைப்பு மேடைகளில் இலங்கையர் முதலில் கேட்கும் பெயர் டபிள்யூஎஸ்ஓ2. 2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கி, கொழும்பில் வளர்ந்து, உலகச் சந்தையில் நின்ற நிறுவனம். ஈபே போன்ற நிறுவனங்கள் தங்கள் பரிவர்த்தனைகளுக்கு அதன் மென்பொருளைப் பயன்படுத்தின. ஒருங்கிணைப்புக்கென்றே பலரீனா என்ற நிரல்மொழியையும் அது உருவாக்கியது. 2024இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. நிரல் அப்பாச்சி உரிமத்தில் திறந்திருக்கிறது. இந்நாட்டில் அதைக் கற்ற பொறியியலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எந்த வெளிநாட்டுக் கருவிக்கும் இல்லாத பெரிய பலம்.

ஆனால் திறந்த நிரல் என்றால் செலவில்லை என்று கணக்குப் போட வேண்டாம். 2022 ஏப்ரலில் டபிள்யூஎஸ்ஓ2 மென்பொருளில் சிவிஇ-2022-29464 என்ற ஓட்டை வெளியுலகுக்குத் தெரிந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே ஒருவர் கோப்பொன்றை ஏற்றி, அந்தச் சேவையகத்தில் தன் கட்டளைகளை ஓடவைக்க அது வழி விட்டது. கடுமை 10க்கு 9.8. அந்த மாதத்திலேயே தாக்குதல்கள் ஆரம்பித்தன. சந்தா கட்டும் வாடிக்கையாளருக்கு இத்தகைய திருத்தங்கள் தயார் நிலையில் வரும். இலவசமாக இறக்கிப் பயன்படுத்துபவர் தாமே கவனித்து, தாமே புதிய பதிப்புக்கு மாற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருந்தால், அல்லது ஒப்பந்தத்தில் பொறுப்பேற்றிருந்தால், பல தோட்டங்களை நடத்தும் கம்பனிக்கு டபிள்யூஎஸ்ஓ2 நல்ல தெரிவு. அப்படி ஒருவர் இல்லாத கொள்வனவு நிறுவனத்துக்கு அது தேவைக்கு மிஞ்சிய சுமை.

சேல்ஸ்ஃபோர்ஸ் 2018இல் வாங்கிய மியூல்சொஃப்ட், பூமி, கூகிளின் அபிஜீ ஆகியவை திறமையானவை. ஆயத்த இணைப்பான்கள் நிறைய உண்டு. இவற்றின் சந்தா டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை இந்நாட்டில் வியாபாரம் செய்பவர் எவரும் மறந்திருக்க மாட்டார். டொலரில் வருமானம் வரும் ஏற்றுமதியாளர் அதைத் தாங்கலாம். உள்ளூரில் விற்கும் தம்புள்ளை மரக்கறி வியாபாரி அத்தகைய சந்தாவில் கையொப்பமிடக் கூடாது.

சிறிய நிறுவனத்துக்கு என்8என் அல்லது நோட்-ரெட் போதும். இரண்டையும் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். தராசின் தரவை எடுத்து, இலக்கத்தைச் சரிபார்த்து, களஞ்சிய மென்பொருளில் பதிந்து, மாலையில் வங்கிக்கான மொத்தக் கொடுப்பனவுக் கோப்பைத் தயாரிப்பது இவற்றுக்கு எளிய வேலை. கோப்பைத் தயாரிப்பதோடு கருவி நின்றுவிட வேண்டும். வங்கியில் ஏற்றி அனுமதிப்பது இரண்டு மனிதர்களின் வேலையாக இருக்கட்டும். இன்னொன்று: நோட்-ரெட்டின் வடிவமைப்புத் திரை, நீங்களாக அமைக்காவிட்டால், கடவுச்சொல் கேட்காது. என்8என்னின் திரைக்குள் உங்கள் எல்லா மென்பொருட்களின் திறவுகோல்களும் இருக்கும். இவை மேலே சொன்ன மூடிய பாதைக்குள் மட்டுமே இருக்க வேண்டும். சீகிரியா விடுதிகளுக்கு இவைகூடத் தேவைப்படாது. முன்பதிவுத் தளங்களை இணைக்கும் ஆயத்த சேவை ஒன்றை வாங்கி, விருந்தினர் வைஃபையையும் அலுவலக வலையமைப்பையும் முற்றாகப் பிரித்து வைத்தால் போதும்.

உள்நுழைவைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு ஒரு கணக்கு. காரியாலயம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழக்கத்தை நிறுத்துங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைத்தால் சிக்னல் இல்லாத மலைச்சரிவில் வேலை நின்றுவிடும். கைபேசிச் செயலியில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் இலக்கத்துக்குச் சிக்னல் தேவையில்லை, பாதுகாப்பும் அதிகம். மென்பொருள் மென்பொருளோடு பேசும் ஒவ்வொரு ஏபிஐ இணைப்புக்கும் தனித்தனித் திறவுகோல் கொடுங்கள். ஒன்று கசிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஏபிஐ ஒன்றை யாராவது உங்களுக்கு எழுதித் தந்தால், வாங்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு விவசாயியின் கணக்கில் நுழைந்து, இணைய முகவரியில் தெரியும் அவருடைய இலக்கத்தை அடுத்தவரின் இலக்கமாக மாற்றிப் பாருங்கள். அடுத்தவரின் கொடுப்பனவு விவரம் திரையில் வந்தால் அந்த வேலை முடியவில்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியல்களில் 2019இலும் 2023இலும் முதலிடத்தில் இருந்தது இந்தத் தவறுதான். ஏபிஐ அழைப்புகளை வடிகட்டும் எவ்வளவு விலை உயர்ந்த நுழைவாயில் கருவியும் இதைத் தானாகப் பிடிக்காது.

காப்புப்பிரதி இந்த அத்தியாயத்துக்குப் புறம்பானது என்று நினைக்க வேண்டாம். இணைக்கப்பட்ட கணினிகளில் ஒன்றில் நுழைந்தவர் மற்றவற்றுக்கும் போகலாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் லங்கா கவர்மென்ட் கிளவுட் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்து முற்றாக விலகிய காப்புப்பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. பாவனையில் இருந்ததும் காலாவதியான பழைய மின்னஞ்சல் மென்பொருள். ஒரு நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக்கே நேர்ந்தது ஒரு களஞ்சியத்துக்கு நேராதென்று இல்லை. வாரம் ஒருமுறை எடுத்துக் கழற்றி அலமாரியில் பூட்டி வைக்கும் வன்தட்டு, எந்தச் சந்தாவையும்விட மலிவு. அதிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரையும் அவருக்காக அதைக் கையாளுபவரையும் பிரித்து, இருவருக்கும் கடமைகளை வைத்திருக்கிறது. விவசாயியின் அடையாள அட்டை இலக்கமும் தொழிலாளியின் சம்பள விவரமும் உங்கள் பொறுப்பில் இருப்பவை. அவற்றைத் தாங்கும் மேகச் சேவை உங்களுக்காகக் கையாளுபவர். ஆகவே சேவை வழங்குநரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கொழும்புக்குப் பெயர் தேவையில்லை, இலக்கம் போதும் என்றால் பெயரை அனுப்பவே வேண்டாம்.

கடைசியாகக் கையொப்பத்துக்கு முன். இரண்டு மூன்று வாரச் சோதனைக் காலம் கேளுங்கள், அதை உங்கள் மிகத் தொலைவான நிலையத்தில் நடத்துங்கள், தலைமைக் காரியாலயத்தில் அல்ல. மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஒரு ஊழியரின் அனுமதியை நீக்கி, அவருடைய கைபேசியில் இன்னும் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டை உங்களால் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் அதைப் போடப்போகும் மனிதரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்தினால் உங்கள் தரவு எந்த வடிவத்தில், எத்தனை நாட்களுக்குள் கையில் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டையும் எழுதித் தர மறுக்கும் நிறுவனத்திடம், அதன் கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், வாங்காதீர்கள்.